திருவண்ணாமலைப் பக்கம் மண்ணும் மூங்கிலும் கொண்டு யோகா தங்குமிடம் கட்டலாமா?

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையை ஒட்டி 3 ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். ஒரே சமயத்தில் 20 பேர் தங்கி, ஒரு வாரம் பத்து நாள் யோகா பயிலும் இடமாக அதை ஆக்க நினைக்கிறீர்கள். சிமென்ட் ஒரு பிடிகூடச் சேர்க்காமல் மண், மூங்கில், ஓலை மட்டும் கொண்டு கட்ட முடியுமா, இவற்றில் எது சிறந்தது, செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இணைத்திருக்கும் படங்களில் பாதி பாலித் தீவில் எடுத்தவை என்பது பார்த்த உடனே தெரிகிறது. ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: படத்தில் இருப்பது போன்ற ஒன்று நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நிற்குமா, நின்றாலும் அதில் வந்து தங்குகிறவர் நன்றாகத் தூங்கி எழுந்து ஆசனம் செய்வாரா?

வட மாவட்டங்களில் 20 வருடத்துக்கு மேலாக மண் கட்டட வேலையில் இருக்கிறேன். படித்தது சிவில். வேலை கற்றது மேஸ்திரிகளிடமும், இடிந்துபோன என் சொந்தச் சுவர்களிடமும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் அங்கே தங்குகிறவரின் ஒரு நாளை மணிவாரியாக எழுதுங்கள். காலை ஐந்தரைக்கு மண்டபம், எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்து முதல் நாலு வரை ஓய்வோ வகுப்போ, மாலை ஐந்துக்கு மறுபடி மண்டபம், ஒன்பதரைக்குத் தூக்கம். எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பொருள் என்பதை இந்த அட்டவணை பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும்.

மண் சுவர் குளிர்ச்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. ஒன்றரை அடி மண் சுவர் வெயிலை மறித்து வைத்திருந்து மெதுவாக உள்ளே விடுகிறது. வெளிப்பக்கம் ஏறிய சூடு உள்பக்கத்தை எட்ட ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். நண்பகலில் உள்ளே நுழைந்தால் சில்லென்று இருப்பது இதனால்தான். ஆனால் கணக்கைத் தொடர்ந்து போடுங்கள். மேற்குச் சுவரில் மாலை நாலு மணிக்கு அடித்த வெயில் இரவு ஒன்று, இரண்டு மணிக்கு உங்கள் விருந்தினரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேரும். மே மாத இரவில் வெளிக்காற்றே ஆறாத நாளில், கனமான மண் அறைக்குள் படுத்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். எங்கள் பாட்டி வீட்டில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அந்தக் காலத்து மண் வீட்டில் திண்ணையும் முற்றமும் இருந்தது பாதி இதற்காகத்தான்.

ஆகவே தங்கும் குடில்களின் மேற்குப் பக்கத்தில் படுக்கையறைச் சுவர் நேராக வெயிலுக்கு நிற்கக் கூடாது. குளியலறை, பொருள் அறை, அல்லது ஆறடித் தாழ்வாரம் ஏதாவது ஒன்று நடுவில் வரட்டும். ஒவ்வொரு குடிலுக்கும் இருவர் படுக்கும் அளவு திண்ணை வையுங்கள். சுவரின் மேல் பகுதியில் எதிரெதிராகக் காற்றுத் துளைகள் விட்டு, இரவில் திறந்து பகலில் மூடும்படி செய்யுங்கள். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைப்பவர்களும் உண்டு. நம் ஊர் இருப்பது 12 பாகை அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பக்கத்துக்கும் இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, வேண்டும்.

மண்டபத்தின் கதையே வேறு. அது உயிரோடு இருப்பது விடியலிலும் மாலையிலும் மட்டும். அந்த நேரத்துக்குக் கனமான சுவர் எதற்கு? நல்ல கூரையும், இடுப்பளவு மண் சுவரும், அதற்கு மேல் திறப்பும் போதும். இதில் ஒரு சிக்கல், அந்த இரண்டு வேளையும் கொசுவின் வேளைகளும்தான். பிராணாயாமத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நுனியில் கொசு உட்கார்ந்தால் எந்த வாஸ்துவும் உதவாது. திறப்புகளுக்கு வலை அடித்த மரச்சட்டங்களை முதல் வரைபடத்திலேயே சேருங்கள். பிறகு சேர்த்தால் ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும். தாமரைக் குளம் வெட்டும் எண்ணம் இருந்தால், மண்டபத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இனி மண்டபத்தின் முகம். மலையைத் தாண்டிய பிறகு செங்கம் சாலையிலிருந்து பார்த்தால் அண்ணாமலை கிழக்கே நிற்கிறது. மலையைப் பார்த்து உட்கார வேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருக்கும், வருகிறவர்களுக்கும் இருக்கும். ஆனால் காலை வகுப்பில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால், சூரியன் மலைக்கு மேலே வந்த நொடியிலிருந்து எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார்கள். கிழக்கில் முழுத் திறப்பு வைத்துக் கட்டிய ஒரு மண்டபத்தில் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் உருவம் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது. அவர் கையை எங்கே வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாலையில் இதே காட்சி தலைகீழ். மேற்கு வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து மலை மேல் விழும்போது பாறைகள் செம்பு நிறமாகத் தெரியும். எனவே மண்டபத்தை ஏறத்தாழ சதுரமாக வையுங்கள். காலையில் வடக்கே பார்த்தும் மாலையில் கிழக்கே பார்த்தும் பாய் விரிக்கலாம். கிழக்கு முகம்தான் வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதமாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கு ஏற்றி இறக்கும் மூங்கில் தட்டி ஒன்று தொங்கவிடுங்கள்.

அளவு: ஒரு பாய் 6 அடிக்கு 2 அடி. கையை விரித்து, காலைப் பக்கவாட்டில் நீட்ட ஆளுக்கு 7 அடிக்கு 5 அடி, அதாவது 35 சதுர அடி வேண்டும். 20 பேருக்கு 700. ஆசிரியருக்கும் நடப்பதற்கும் சேர்த்து 900. 30 அடிக்கு 30 அடி என்று எடுத்து, அதை 9, 12, 9 என்று பிரித்து நடுவில் 4 கல்தூண்கள் நிறுத்தினால் எந்த மரமும் 12 அடிக்கு மேல் தாண்ட வேண்டியிருக்காது. உங்கள் வட்டாரத்தில் வேலிக்கு நடும் கருங்கல் கால்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கல்லில் கனமாக வெட்டச் சொன்னால் மண்டபத் தூண் கிடைக்கும். கறையான் தின்னாது, மழை அரிக்காது, 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கும். இதைவிட இயற்கையான பொருளை மூங்கில் தேடுகிறவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை.

அனுப்பிய படங்களில் ஒன்று செங்கல் கும்மட்டம். அழகுதான். ஆனால் யோகா மண்டபத்துக்கு வேண்டாம் என்பேன். இது நான் அடிபட்டுக் கற்றது. சில வருடங்களுக்கு முன்னால் 24 அடி விட்டத்தில் ஒரு கும்மட்டம் கட்டிக்கொடுத்தேன். சாரமே இல்லாமல் வட்டம் வட்டமாக எழுப்பியது. கடைசிக் கல்லை வைத்த நாளில் எல்லாரும் உள்ளே நின்று ஓம் சொன்னோம், உடல் சிலிர்த்தது. முதல் வகுப்பு நடந்த அன்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “நான் சொல்வது எனக்கே மூன்று முறை கேட்கிறது சார்” என்றார். வளைந்த கூரை ஒலியைத் திரட்டி நடுவுக்கே திருப்பி அனுப்புகிறது. ஓசைக்கு அது வரம், பேச்சுக்குச் சாபம். பிறகு கோரைப்பாய்களைச் சுவரில் மாட்டி, மேலே துணி கட்டிச் சமாளித்தோம். பத்து பேர் கண்ணை மூடி உட்காரும் தியான அறைக்குக் கும்மட்டம் பொருந்தும். வாயால் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு ஓட்டுக் கூரையும் அதன் அடியில் மூங்கில் பாயும்தான் பொருந்தும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். உங்கள் நிலத்து மண் செம்மண் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேல் ஒரு அடி மண்ணில் வேரும் மட்கும் இருக்கும். அது தோட்டத்துக்குத்தான் உதவும், தனியாக ஒதுக்கிவிடுங்கள். அதற்குக் கீழிருந்து ஒரு பிடி எடுத்து, கட்டியை உடைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி கடைசியாக, ஒரு நாள் கழித்தும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து, மெல்லப் படியும். தண்ணீர் தெளிந்த பிறகு பாட்டிலின் பக்கத்தில் அடிக்கோலை வைத்து மூன்று அடுக்கையும் அளந்து எழுதுங்கள். நிலத்தில் குறைந்தது நான்கு மூலையிலும் நடுவிலும் இதைச் செய்ய வேண்டும். 3 ஏக்கருக்குள்ளேயே மண் மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழுத்திய மண் கல்லுக்கு ஏற்ற மண் என்று ஆரோவில் மண் கட்டடக் கழகம் சொல்லும் கலவை: சரளை 15 சதவீதம், மணல் 50, வண்டல் 15, களி 20. இதற்கு நெருங்கி வந்தால் 5 சதவீத அளவில் சிமென்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கல் எடுக்கலாம். களி அதிகமாக இருந்தால் சிமென்டைவிடச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். களி மிகக் குறைவாக இருந்தால் சுவர் உதிரும், மிக அதிகமாக இருந்தால் காயும்போது வெடிக்கும். கரிசல் மண்ணாக இருந்தால் அதைச் சுவருக்கு நினைக்கவே வேண்டாம். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் அது. கடைக்காலுக்கே தனி யோசனை வேண்டும். அந்தக் கழகம் 1989-இல் தொடங்கப்பட்டது. அங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, போய் ஒன்றில் உட்காருங்கள். இந்த வகைக் கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-இல் எளியோருக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாதி விருது பெற்றது. கடற்கரை மழையில் 30 வருடத்துக்கு மேலாக நிற்கிறது. நான் சொல்வதை நம்புவதைவிட அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கேதான் “ஒரு பிடி சிமென்டும் கூடாது” என்ற உங்கள் சபதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகில் வெளியேறும் கரியமில வாயுவில் சிமென்டின் பங்கு ஏறத்தாழ 8 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. குறைக்க வேண்டியதுதான். ஆனால் குறைப்பது வேறு, தீட்டு பார்ப்பது வேறு. கழிவுநீர்த் தொட்டி, குளியலறைத் தரை, தண்ணீர் தினமும் அடிக்கும் குளியலறைச் சுவர் ஆகியவற்றில் நான் சிமென்டைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். அங்கே மண்ணை வைத்துவிட்டு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இடித்துக் கட்டுவதில் எந்த இயற்கையும் இல்லை. மற்ற இடங்களில் சிமென்ட் இல்லாமல் போகலாம். ஒன்றே ஒன்று: மண் சுவர் மேல் சிமென்ட் பூச்சு மட்டும் கூடவே கூடாது. மண் ஈரத்தை இழுத்து விடும், சிமென்ட் அதை விடாது. வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பின்னால் மண்ணைக் கரைக்கும். ஒரு நாள் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போதுதான் தெரியும்.

மண் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருத்தம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, எவ்வளவு நாள் ஊறவிடுகிறோமோ அவ்வளவு வெண்ணெயாக வரும். கடுக்காயை உடைத்து ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல எடுத்து மறுபடி கல்லாகிறது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. பூசிய பிறகு வெயில் நேராக அடிக்காமல் சாக்கு தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். நீற்றும்போது அது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்தச் சித்தாளையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

மண் சுவருக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்குக் கருங்கல் பேஸ்மென்ட், தரையிலிருந்து குறைந்தது 2 அடி. அதன் மேல் சற்று வெளியே நீட்டிய கல் பலகை ஒரு வரிசை வைத்தால் கறையான் ஏறும் மண் கோடு அதன் விளிம்பில் தெரிந்துவிடும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். மேலிருந்து வருவதற்கு 3 அடி இறவாரம். நம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில் வருவதால் சாரல் அடிப்பது கிழக்கிலும் வடக்கிலும். அந்த இரண்டு பக்கமும் தாழ்வாரம் சுற்றிவர வேண்டும். மழையின் அளவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் 7 பேர் இறந்தார்கள். உங்கள் நிலம் அடிவாரத்தை ஒட்டியிருந்தால், பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மழைநாளில் தண்ணீர் எந்த வழியாக ஓடிவருகிறது என்பதைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓடை அவர் நினைவில் இருக்கும்.

ஓலைக் கூரை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலர் தூங்கும் இடத்துக்கும் பலர் கூடும் இடத்துக்கும் ஓலை வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்ததை நம்மில் யாரும் மறக்க முடியாது. யோகா இடம் என்றால் விளக்கு, ஊதுபத்தி, சில நாட்களில் ஹோமமும் உண்டு. தவிர, தென்னங்கீற்று ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியது. பனையோலை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் நன்றாக வேயத் தெரிந்த கை இப்போது குறைவு. நான்கு பக்கமும் திறந்த, யாரும் தூங்காத, சமையலறையிலிருந்து தள்ளி நிற்கும் சிறிய பந்தலுக்கு ஓலை போடுங்கள், மனம் குளிரும். மற்றவற்றுக்கு நாட்டு ஓடோ சீமை ஓடோ போதும். ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்குப் புதிதாகப் பனை வெட்ட நினைக்காதீர்கள். இப்போது பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் கிடைக்கின்றன. தட்டிப் பார்த்து, துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூங்கில் பற்றி. பாலியில் நீங்கள் பார்ப்பது வேறு இனம், தொடை பருமன் இருக்கும். இங்கே எளிதாகக் கிடைப்பது உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும் கல்மூங்கிலும், முள் மூங்கிலும். இரண்டுமே நல்லவை, ஆனால் அந்தப் படத்திலுள்ள வளைவுகளுக்கு உழைக்காது. 3, 4 வயது முற்றிய கழியாக இருக்க வேண்டும். வெட்டிய பிறகு போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊறவைக்காவிட்டால், ஒரே வருடத்தில் இரவு நேரத்தில் கர கரவென்று சத்தம் கேட்கும், காலையில் பாயில் மஞ்சள் மாவு கொட்டியிருக்கும். இந்த மருந்து மழைத் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால், மருந்திட்ட மூங்கிலும் கூரைக்குள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே நனைகிற இடத்தில் மூங்கில் தூண் வைப்பது பணத்தை மண்ணில் நடுவதுதான். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி வராது என்று வயதானவர்கள் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு வெட்டினால் கழியில் மாவுச்சத்து குறைந்திருக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. பிறைக் கணக்கு அந்த அளவுக்கு உறுதியாகவில்லை. நான் தேய்பிறையிலும் வெட்டுகிறேன், மருந்தும் போடுகிறேன். பட்டா நிலத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் இருந்த வனச் சட்டச் சிக்கலை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

சந்தேகத்துக்குரியவை இன்னும் சில உண்டு. சாணம் மெழுகிய தரை கதிர்வீச்சைத் தடுக்கும் என்று உங்கள் ஆலோசகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சாணத்திலுள்ள நார் மண் பூச்சின் வெடிப்பைக் குறைக்கிறது, தூசியை அடக்குகிறது. அது உறுதி, அந்தப் புகழே அதற்குப் போதும். மண் வீட்டில் தங்கினால் நோய் தீரும் என்பதையும் விளம்பரத்தில் போடாதீர்கள். மூச்சுப் பயிற்சி நடக்கும் இடத்தில் பெயின்ட் நெடி இல்லாமல் இருப்பதே பெரிய விஷயம், அதை மட்டும் சொல்லுங்கள். வாஸ்துவில் நான் தலையிடுவதில்லை. காற்றோடும் வெயிலோடும் அது மோதாத வரை நீங்கள் கேட்கிறபடி செய்துகொள்ளலாம், மோதினால் காற்றின் பக்கம் நிற்பேன்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பாக இழைத்த ஆத்தங்குடிக் கல் அழகு, ஆனால் வியர்த்த கால் வழுக்கும். கடப்பாக் கல் மார்கழிக் காலையில் முதுகில் சில்லிட்டு, சவாசனத்தில் படுத்தவரை எழுப்பிவிடும். மண்டபத்துக்குச் சற்றுச் சொரசொரப்பாக விட்ட சிவப்புக் காவித் தரையும், அதன் மேல் தடித்த கோரைப்பாயும் எனக்குப் பிடித்தது. காவித் தரைக்குக் கொஞ்சம் சிமென்ட் வேண்டும். வேண்டாம் என்றால் சுண்ணாம்பிலேயே இடித்துப் போடலாம். அதற்குக் கை தெரிந்த ஆள் வேண்டும், கூலியும் நாளும் கூடும்.

செலவு குறையுமா என்பதற்கு, மண்ணைப் பார்க்காமல் சதுர அடிக் கணக்கு சொல்கிறவரை நம்பாதீர்கள் என்பதுதான் என் பதில். நானும் சொல்ல மாட்டேன். பொதுவாக நடப்பது இது: பொருளுக்குக் கொடுக்கும் பணம் குறைகிறது, கூலிக்குக் கொடுப்பது ஏறுகிறது, காலம் நீள்கிறது. மொத்தத்தில் சாதாரணக் கட்டடத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பணம் உள்ளூர்க் கைகளுக்குப் போகிறது என்பது நிஜமான வித்தியாசம். காலத்தைப் பொறுத்தவரை ஒன்றை மீற முடியாது. சுவர் வேலையைத் தை மாதத்தில் தொடங்கி, ஆவணிக்குள் கூரை மூடிவிட வேண்டும். ஈர மண்ணைக் குழைத்துக் கையால் வைக்கும் சுவர் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏற்றக் கூடாது, அடியில் உள்ளது காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஐப்பசியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு சுவரைக் காத்த அனுபவம் எனக்கு உண்டு. பாதிச் சுவர் காலையில் குவியலாகக் கிடந்தது.

கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நான் கட்டியவற்றில் கெட்டுப்போனவை பெரும்பாலும் பொருளால் கெடவில்லை, ஆளில்லாமல் கெட்டன. புரட்டாசியில் ஒருவர் கூரையேறி உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். மழை முடிந்ததும் சாரல் அரித்த இடத்தில் மண் பூசி, பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என்று நாம் வைத்திருந்த வழக்கம் அப்படியே ஒரு பராமரிப்பு அட்டவணைதான். கட்டும்போது வேலை செய்யும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவரையே இதற்கு வருடச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன் கையால் வைத்த சுவரை அவர் வேறுமாதிரி பார்த்துக்கொள்வார்.

அனுமதி விஷயத்தில் என் அறிவு எல்லைக்குட்பட்டது, ஒரு நல்ல உள்ளூர் வரைவாளரைக் கலந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கிராமத்துக்கும் பொருந்தும். பலர் தங்கும் இடம் என்பதால் வீட்டு அனுமதி போதாது. மண் கல்லுக்கு இந்தியத் தரநிலை 1725 இருக்கிறது, மூங்கிலுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தனிப் பகுதியே இருக்கிறது. மண் கட்டடத்துக்கு அனுமதி கிடையாது என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். மேலே நான் சொன்ன தூண், கைமர அளவுகள் யோசனைக்கு மட்டும்தான். நிலத்தையும் மரத்தையும் பார்த்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது சிறியது. ஐந்து இடத்தில் குழி எடுத்துப் பாட்டில் சோதனை செய்து, மூன்று அடுக்கின் அளவையும் இங்கே எழுதுங்கள், எந்த வகைச் சுவர் என்று அதற்குப் பிறகு பேசலாம். வரும் மார்கழியில் ஒரு வாரம், காலை ஐந்தரைக்கு அந்த நிலத்தில் நீங்கள் நினைத்திருக்கும் மண்டப இடத்தில் பாயை விரித்து உட்காருங்கள். பனி எவ்வளவு இறங்குகிறது, காற்று எந்தப் பக்கம், சூரியன் மலைக்கு எந்த ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கி அப்போது எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பதையும் குறியுங்கள். அந்தப் பக்கத்தில் சமையலறையையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் வைத்துவிடலாம். அங்கே அந்த நேரத்தில் எப்படியும் யாராவது விழித்திருப்பார்கள்.